சின்னது கேட்ட கேள்வி

வளசரவாக்கம்
ஆடிப்பெருக்கு

அன்புள்ள அம்முவுக்கு அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் சின்னதின் நலமும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்கிறாய். நான் "ஆச்சு" என்கிறேன். "சரிம்மா, வெச்சிடறேன்" என்கிறாய். மே மாதம் வந்துவிட்டுப் புனேவுக்குத் திரும்பியதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. குறை சொல்லவில்லை. ஆபீஸ், வீடு, பிள்ளை என்று அலைகிற உனக்கு நேரம் எங்கே இருக்கிறது. எனக்குத்தான் போனில் பேச்சு வராது. நீ மூச்சு விடுவது கேட்டாலே சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால் உன் அண்ணன் மகனின் நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பார்சலில் சாத்தூர் காரச்சேவு இருக்கிறது. குலசாமி கும்பிட உன் அண்ணன் போன வாரம் ஊருக்குப் போனான், வரும் வழியில் வாங்கி வந்தான். கருப்பட்டி மிட்டாயும் வைத்திருக்கிறேன். சின்னதுக்குக் காரம் அதிகம் கொடுக்காதே. அது சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார். டிவியைப் போட்டு ஊட்டாதே. முக்கியமாக, சாப்பிடுகிற நேரத்தில் அதட்டாதே, பயப்படுகிற மாதிரி எந்தச் சேதியையும் அதன் காதில் போடாதே. பிள்ளை கையில் சோறு இருக்கும்போது ஒன்றும் சொல்லக் கூடாது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். பரணை ஒழித்தபோது அப்பாவின் போஸ்டர் கட்டு கிடைத்தது. கரையான் ஓரத்தை அரித்திருக்கிறது, நடுவில் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறு ஷீட் போஸ்டரும் இருக்கிறது. உன் அண்ணன் அதை எடுத்து ஹாலில் விரித்தான். அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் ஹால் போதவில்லை. உன் நெற்றியும் கண்ணும் தரையில், வாய் சுவரில் ஏறி நின்றது. பெயின்ட் அடிக்க வந்த பையன் "யாரு பாட்டி இது, இப்படி அழுவுது" என்று கேட்டான். "என் மகள்" என்றேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. இந்தத் தடவை சொன்ன பிறகு அந்தப் பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, உள்ளே வந்துவிட்டேன்.

உன்னை ஏன் சினிமாவில் விட்டேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்பாவைச் சொல்லியிருப்பேன். அவருக்குச் சினிமாக் கம்பெனிகளைத் தெரியும், அவரால்தான் வந்தது என்று. அது பொய். அவர் சிவகாசி அச்சாபீசுக்காக இங்கே போஸ்டர் ஆர்டர் பிடிக்க வந்தவர். மவுண்ட் ரோடு மீரான் சாகிப் தெருவில் விநியோகஸ்தர் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி, மாலையில் மை படிந்த கையோடு வருவார். சினிமாவை அவர் காகிதமாகத்தான் பார்த்தார். எத்தனை கலர், எத்தனை ஷீட், எப்போது லாரி ஏறும், அவ்வளவுதான். ஆசை முழுக்க என்னுடையது.

அது எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன். 1969-ல் துணைவன் படம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதில் பால முருகனாக வந்த பிள்ளை நம் சிவகாசிப் பக்கம் மீனம்பட்டிப் பிள்ளை என்று தெருவெல்லாம் பேச்சு. ஆறு வயது நிறையாத பிள்ளை, தலையில் கிரீடம், கையில் வேல். படம் பார்க்க வந்த பெண்கள் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்னைவிட மூன்று வயது சின்னவள். பெயர் ஸ்ரீதேவி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள். அதன் பிறகு 1976-ல் பாலசந்தர் படத்தில் அவள் கதாநாயகியாக வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. எனக்குப் பதினாறு. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்து யோசித்து, அவள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள், என் அம்மா கூட்டிக்கொண்டு போகவில்லை என்று ஒரு விடை கண்டுபிடித்து வைத்திருந்தேன். நீ பிறந்தபோது அந்த விடை எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பத்தாவுக்கும் இதில் பங்கு இருந்தது என்று சொல்லலாம். பாலயோகினி கதையை உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார். 1937-ல் அவருக்குப் பன்னிரண்டு வயது, பேபி சரோஜாவைப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த மாதம் பிறந்த தங்கைக்குச் சரோஜா என்று பெயர் வைக்கச் சொல்லி அழுத கதை. ஊர் உலகமெல்லாம் அப்போது பெண் பிள்ளைக்குச் சரோஜா என்றுதான் பெயர் வைத்தார்களாம். ஆனால் அவர் கதை சொன்னதோடு சரி. "பாக்குறதுக்கு நல்லாருக்கும் தாயி, நம்ம பிள்ளய நிக்க வைக்கணுமா" என்று என்னிடம் ஒரு தடவை கேட்டார். ஒரே ஒரு தடவை.

உனக்கு நாலு வயதில் உன் தலைமுடியை வெட்டினேன். அப்பத்தா தினமும் விளக்கெண்ணெய் தேய்த்து இடுப்பு வரை வளர்த்து வைத்திருந்தார். 1983-ல் மலையாளப் படத்தில் பேபி ஷாலினி வந்ததிலிருந்து அந்தக் கிராப்புத்தான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. தமிழில் பிள்ளை நிலா வந்த பிறகு கேட்கவே வேண்டாம். கம்பெனிக்குப் போனால் "ஷாலினி மாதிரி இருக்குமா" என்றுதான் முதல் கேள்வி. வடபழனியில் சலூனில் உட்கார்த்தி வைத்து, நெற்றியில் ஒரே நேராக, காதை மூடி, பின்னால் குட்டையாக. வெட்டி விழுந்த முடியை நீ இரண்டு கையாலும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டாய். "அப்பத்தாட்ட குடுக்கணும்" என்றாய். முருகனுக்கு முடி கொடுத்ததாகச் சொல்லிவிடலாம் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். பார், அப்போதே ஆரம்பித்துவிட்டேன்.

நீ கெட்டிக்காரி. அதை யார் இல்லை என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து வயதில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது, ஆனால் வசனத்தை ஒரு தடவை காதில் போட்டால் போதும். பெரிய நடிகர்களுக்கே கேமராவுக்குப் பின்னால் நின்று ஒருவர் வசனத்தை எடுத்துக் கொடுப்பார், உனக்கு அது தேவைப்படவில்லை. சாக்பீஸ் கோட்டில் வந்து நில் என்றால் கீழே குனியாமல் வந்து நிற்பாய். கிளாப் அடிக்கும்போது மட்டும் கண்ணைச் சிமிட்டினாய். அதற்காக இரண்டு அடிஸ்கேலை எடுத்து உன் முகத்துக்கு நேராகத் தட்டித் தட்டி, ராத்திரி எட்டு மணி வரை பழக்கினேன். மூன்றாம் நாள் சிமிட்டல் நின்றுவிட்டது. அப்பா வந்து, "பிள்ளை கண்ணைச் சிமிட்டக் கூடாதா" என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

கூட்டத்தில் ஓடுகிற பிள்ளை, பாட்டில் பூ கொடுக்கிற பிள்ளை, கதாநாயகிக்குச் சின்ன வயதில் இரண்டு காட்சி. இருநூறு ரூபாய் சம்பளம், பேட்டா தனி. இப்படி நாலு படம். ஐந்தாவதுதான் அந்தப் படம். 1989 ஆவணி.

இதற்கு மேல் நேரடியாக எழுத வேண்டும். வேறு என்னென்னவோ எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் எழுந்து போய் முருங்கைக் கீரை ஆய்ந்துவிட்டு வந்தேன்.

மே மாதம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். டிவியில் அந்தப் படம் ஓடியது. மாப்பிள்ளை தூங்குகிறார் என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தோம். உன் அண்ணி "ஏய் குட்டி, உங்கம்மா பாரு, உங்கம்மா" என்று சின்னதை இழுத்து வந்து உட்கார்த்தினாள். அந்தக் காட்சி வந்தது. நான் வழக்கம் போல, "கிளிசரின் இல்லாம அழுதா, உங்கம்மா" என்று ஆரம்பித்தேன். சின்னது கேட்கவில்லை. திரைக்கு அருகில் போய் நின்று உன் வாயையே பார்த்தது. பிறகு திரும்பி, "அம்மா, நீ என்ன சொல்லி அழுவுற?" என்று கேட்டது. நீ "ஞாபகம் இல்ல" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாய். கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினாய்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். இருந்தால் நான் சொல்வது உனக்குப் புதிதில்லை. இல்லாவிட்டால் நான் சொல்லியாக வேண்டும். எப்படியும் எழுதத்தான் வேண்டும் என்று ஆகிறது.

அன்று காலை ஒன்பது மணி கால்ஷீட். தாய் இறந்து கிடக்கிறாள், பிள்ளை வாசலில் நின்று பார்த்து அழ வேண்டும். உள்ளே லைட்டு சூட்டில் பெரியவர்களுக்கே தலை சுற்றியது. நீ அழவில்லை. செத்தது போலப் படுத்திருந்த அம்மா நடிகை காலையில் உனக்கு பிஸ்கட் கொடுத்திருந்தார், அவரைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வந்தது. கிளிசரின் விட்டார்கள். எரிச்சலில் கண்ணைத் தேய்த்துவிட்டாய், மேக்கப் கலைந்தது. மறுபடி டச்சப். ஐந்து டேக் போனது. "ஃபிலிம் ஓடுது, ஃபிலிம் ஓடுது" என்று யாரோ முணுமுணுத்தார்கள். உதவி இயக்குநர் ஒருவர் என்னிடம் வந்து, "தொடையில ஒரு கிள்ளு கிள்ளுங்கம்மா, எல்லாரும் பண்றதுதான்" என்றார். "என் பிள்ளை மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு எவ்வளவு பெருமை, தெரியுமா. பல வருஷம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படிச் சொல்லிவிட்டு உன்னைத் தனியாகக் கூட்டிப் போனேன். செட்டுக்குப் பின்னால், பலகைச் சுவரின் முட்டுக்கட்டைகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து உன் காதில் சொன்னேன்: "அம்மு, வீட்டுலேருந்து ஆள் வந்தாங்க. அப்பத்தா செத்துப் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க."

யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

நீ அழவில்லை முதலில். "எப்ப?" என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். நான் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சாக்பீஸ் கோட்டில் நிறுத்தினேன். கேமரா ஓடியது. நீ அந்த நடிகையைப் பார்த்தாய், உன் முகம் மெல்ல மெல்லக் கோணியது. பிறகு வந்தது. டைரக்டர் "கட்" சொல்ல மறந்து நின்றார். லைட்மேன் ஒருவர் மேலே பலகையில் உட்கார்ந்தபடி துண்டால் கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் கை கொடுத்தார்கள். நானும் அவர்கள் கொடுத்த கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

இதுவரை நடந்ததை எப்படியாவது நியாயப்படுத்திவிடலாம் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். அவசரத்தில் சொன்ன வார்த்தை, பிள்ளை மறந்துவிடும் என்று. அதற்கு அடுத்து நடந்ததைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

மதியச் சாப்பாடு விட்டார்கள். அப்பத்தா காலையில் பிசைந்து கொடுத்த தயிர்சாதம், மாங்காய்த் துண்டு போட்டு. டப்பாவைத் திறந்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "இது அப்பத்தா பிசைஞ்சதா?" என்றாய். "ஆமா" என்றேன். ஒரு உருண்டை கையில் எடுத்தாய். "அப்ப நாளைக்கு யாரு பிசைவா?" என்று கேட்டாய். கையில் சோறு அப்படியே இருந்தது. விரல் இடுக்கில் தயிர் வழிந்து முழங்கை வரை வந்தது. துடைத்துவிட்டேன். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அப்போது கோ டைரக்டர் வந்து, "சாப்பாட்டுக்கு அப்புறம் க்ளோஸப் இருக்கும்மா. பாப்பா மூட் கலையாம பாத்துக்குங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன். ஒன்றரை மணியிலிருந்து ஐந்தரை மணி வரை, நாலு மணி நேரம், உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, உன்னை அழவிட்டேன். போஸ்டரில் இருக்கிறது அந்த க்ளோஸப்தான்.

கம்பெனி காரில் வரும்போது சொன்னேன், "சும்மா சொன்னேன்டி, அப்பத்தா வீட்டுல இருக்காங்க" என்று. நீ ஒன்றும் பேசவில்லை. வீட்டில் அவர் கதவைத் திறந்தார். ஓடிப் போய்க் கட்டிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். "என்னத்தா, அப்பத்தாவப் பாத்துப் பயப்படுற?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ராத்திரி அவர் தூங்கும்போது நீ எழுந்து உட்கார்ந்து அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாய். பல மாதம் அப்படிச் செய்தாய். "ஷூட்டிங்ல யாரோ செத்த மாதிரி நடிச்சாங்க, பயந்துட்டா" என்று அப்பாவிடம் சொல்லிச் சமாளித்தேன்.

டப்பிங்கின்போது உன்னால் அந்த அழுகையை மறுபடி அழ முடியவில்லை. பெரிய பிள்ளைகளுக்குக் குரல் கொடுக்கிற ஒரு அம்மாதான் உனக்கும் பேசினார், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், நன்றாகத்தான் அழுதார். "அம்மா, அம்மா" என்று. உன் வாயசைவுக்கு அது பொருந்தியது என்று ரெக்கார்டிஸ்ட் சொன்னார். பொருந்தாமல் என்ன செய்யும். இரண்டும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறது, உதடு மூடித் திறக்கிறது. ஆனால் அம்மு, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் தெரியும். நீ அம்மா என்று சொல்லவில்லை. அப்பத்தா என்று சொல்கிறாய்.

அதைச் சின்னதுக்கு முன்னால் கண்டுபிடித்தவர் ஒருவர்தான். 1990 தை மாதம் படம் வந்தது. மேட்னி ஷோவுக்கு எல்லோரும் போனோம். அப்பத்தாவுக்கு அப்போதே காது போய்விட்டது, வாயைப் பார்த்துத்தான் பேசுவார். தியேட்டரே விசும்பிக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்து, "பிள்ள என்னையில்ல கூப்பிடுது" என்றார்.

அன்று ராத்திரி அடுப்படியில் அவரிடம் சொன்னேன். மாமியாரை உயிரோடு சாகடித்தேன் என்று எந்த மருமகள் சொல்வாள். சொன்னேன். அடிப்பார், ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். நின்றுகொண்டே இருந்தார். "நா நல்லாத்தான இருக்கேன், எனக்கென்ன. எப்பச் சொன்ன?" என்று கேட்டார். மதியச் சாப்பாட்டை வரைக்கும் சொன்னேன். அப்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது. "நான் பிசஞ்ச சோத்தயா கையில வச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார். "இனி பிள்ள சாப்பிடையில ஒண்ணுஞ் சொல்லாத தாயி." அவ்வளவுதான். அப்பாவிடம் கடைசி வரை அவர் சொல்லவில்லை.

படம் ஓடியது. பேபி என்று போட்டு உன் பெயர் போஸ்டரில் தனியாக வந்தது. கல்யாண வீட்டில் உன்னைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். ஆறாவது மாதம் அஞ்சலி வந்தது. அதன் பிறகு பேபி ஷாமிலிதான், அந்த வருஷத் தேசிய விருதும் அந்தப் படத்துப் பிள்ளைகளுக்குத்தான். நான் பொறாமைப்பட்டேன். படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்து, இந்த வயதில் அந்தப் பிள்ளையால் எப்படி முடிகிறது, அதன் அம்மா என்ன செய்கிறாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். பதினொரு படம் உன்னை நடிக்க வைத்தேன்.

1996-ல் அப்பத்தா நிஜமாகவே போனபோது உன் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் கூட்டிவர வந்தான். நீ அவனிடம், "பொய். யார் அழணும் இப்ப?" என்று கேட்டாயாம். அவன் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று என்னிடம் சொன்னான். நீ வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய், மூக்குக்குக் கீழே விரலை வைத்தாய், எடுக்கவே இல்லை. சாயங்காலம் தூக்கும் வரை ஒரு சொட்டு அழவில்லை. "நடிச்சு நடிச்சு நெசத்துக்குக் கண்ணீர் வரலை பாரு" என்று ஊர்ச் சனம் பேசியது. எனக்குக் காரணம் தெரியும். எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும், என் பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள், நான் செய்தது என்று. தலையைக் குனிந்துகொண்டேன். பதினாறு முடிந்ததும் நீ இனி நடிக்கப் போகமாட்டேன் என்றாய். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது என்று அதற்கும் உன்னைத்தான் திட்டினேன்.

ஸ்ரீதேவி போன அன்று, 2018-ல், நான் டிவி முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நீ போன் செய்தாய். "ஐம்பது வருஷம் வேலை செஞ்சிருக்காங்கம்மா, அம்பத்தி நாலு வயசுல" என்றாய். நான் "ஆமாடி, எவ்வளவு பெரிய சாதனை" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாய். இப்போதுதான் புரிகிறது, நீ சாதனையைச் சொல்லவில்லை.

எதிர்வீட்டுப் பேத்தி இப்போது சீரியலில் நடிக்கிறது. அதன் அம்மா சொன்னாள், 2017-லிருந்து சட்டம் இருக்கிறதாம். கலெக்டர் அனுமதி வாங்க வேண்டும், பிள்ளையை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். பிள்ளைக்கு இஷ்டமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது என்றும் இருக்கிறதாம். உன் பெயரில் நாங்கள் ஒரு ரூபாய் போடவில்லை. இந்த மனை, இந்தக் கட்டடம், உன் அண்ணன் படிப்பு, எல்லாம் அந்தப் பணம்தான். அண்ணனிடம் பேசிவிட்டேன், அவனும் சரி என்றான். அதை நேரில் பேசுவோம், கடிதத்தில் வேண்டாம். அந்த வீட்டு அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று, அழுகைக் காட்சிக்கு என்ன செய்கிறார்கள் என்று. "கிளிசரின்தான் ஆன்ட்டி" என்றாள். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்திருந்தபோது சின்னது "நானும் நடிக்கட்டா அம்மாச்சி" என்று கேட்டதற்கு நான் "நம்ம ரத்தமாச்சே" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னது சொன்னதுதான். அதனால்தான் நீ ஒரு நாள் முன்னதாகவே டிக்கெட் மாற்றினாயோ என்னவோ. பயப்படாதே. அதை யாரிடமும் காட்டமாட்டேன், அதன் போட்டோவை யாருக்கும் அனுப்பமாட்டேன். அதன் தலைமுடியை வெட்டாதே. அதற்காக வெட்டவே கூடாது என்றும் இல்லை, அது கேட்டால் வெட்டு. அது சாப்பிடும்போது மட்டும் ஒன்றும் சொல்லாதே. முன்னாலேயே எழுதிவிட்டேனா.

அந்தக் கேள்வியை அது மறுபடி கேட்கும். பிள்ளைகள் மறக்காது. கேட்டால், அப்பத்தா என்று சொல்லி அழுதேன் என்று சொல். ஏன் என்று கேட்டால், அம்மாச்சியிடம் கேட்கச் சொல். நான் சொல்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போஸ்டரை என்ன செய்யட்டும்? உன் அண்ணன் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான். வேண்டாம் என்று கட்டி வைத்திருக்கிறேன். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

சேவுப் பொட்டலத்துக்கு அடியில் அப்பத்தாவின் சுங்குடிச் சேலை இருக்கிறது. ஓரம் நைந்திருக்கிறது, துவைத்துத்தான் வைத்திருக்கிறேன். நீ ராத்திரி பிடித்துக்கொண்டு தூங்குவாயே, அந்தக் கத்தரிப்பூக் கலர். பார்சல் வந்து சேர்ந்தால் வந்தது என்று ஒரு வார்த்தை போடு. போன் செய்ய முடியாவிட்டால் மெசேஜ் போதும்.

அம்மா